செங்குட்டுவன் பக்கம் உருண்ட பந்து

செங்குட்டுவன் எந்தப் பக்கம் இருக்கிறானோ, உருண்டையான எதுவும் அந்தப் பக்கம்தான் உருளும். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்தே அப்படி. தொட்டிலில் கிடந்தபோது அடுப்படி வெங்காயம் ஒவ்வொன்றாக உருண்டுவந்து தொட்டிலுக்கு அடியில் சேர்ந்தது. அவன் அம்மா சாமியம்மாள் அதைப் பொறுக்கிக்கொண்டு போய்க் குழம்பில் போட்டாள், வேறொன்றும் நினைக்கவில்லை. ஆயுத பூஜையன்று லாரிச் சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்னால் ரோட்டைத் தாண்டி அவன் காலடிக்குப் போனபோது டிரைவர் பழத்தைத் திட்டவில்லை, அவனைத்தான் திட்டினார். பண்ருட்டிப் பலாப்பழம் மட்டும் அவனுக்கு மசியவில்லை. அதற்குக் காரணம் முள் என்றார்கள், இருக்கலாம்.

பன்னிரண்டு வயதில் நகரியத்து மைதானத்தில் கால்பந்து ஆட அவனை இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். மொத்த ஆட்டமும் இடது ஓரத்துக்கே போயிற்று. நெய்வேலியில் ஒரு பொருள் தானாக உருண்டால் ஜனங்களுக்கு முதலில் வருகிற பயம் பூமி இறங்குகிறது என்பதுதான். பக்கத்திலேயே நிலக்கரிக்காகப் பனைமரத்துக்கு மேல் பனைமரம் நிறுத்துகிற ஆழத்துக்குத் தோண்டி வைத்திருக்கிற ஊரில் வேறென்னத்தை நினைப்பது? மனு எழுதிப் போட்டார்கள். மூன்று பேர் அளவு சாமான்களோடு வந்து இரண்டு நாள் அளந்தார்கள். ரசமட்டத்துக் குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது, பக்கத்தில் வைத்த பந்து செங்குட்டுவனிடம் போயிற்று. தரை சமமாக உள்ளது, பந்துகளை மாற்றவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு புதுப் பந்து வந்தது. அவையும் அப்படியே செய்தன.

அதற்குமேல் அவன் ஆட்டக்காரன் ஆனதில் அதிசயம் ஒன்றுமில்லை. எதிராளி எங்கே உதைத்தாலும் பந்து அரை வட்டம் போட்டு அவன் காலுக்கு வந்துவிடும். வந்த பந்தை என்ன செய்வது என்பது மட்டும் அவனாகக் கற்றுக்கொண்டது. அவன் கொடுக்கிற பாஸும் அவனிடமே திரும்பப் பார்க்கும் என்பதால் ஓங்கி அடிக்கப் பழகினான், அதில் இரண்டு முழங்காலும் தேய்ந்தன. கம்பெனி டீமில் ஆடியதற்காக மைன்ஸில் பர்மனெண்ட் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பிரபாவதியைக் கட்டிக் கொடுத்தார்கள். ஏழு வருஷம் நாட்டுக்காக ஆடினான். முப்பத்து நாலில் முழங்கால் போதும் என்றது. பிறகு பதினெட்டு வருஷம் ஷிப்ட் முடிந்த கையோடு போய்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தான், அதில் ஒன்பது பேர் பெரிய டீம்களுக்குப் போனார்கள். ஐம்பத்திரண்டாவது வயதில் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பேப்பரில் போட்டோ வந்தது. ஆனால் ஊர் கேட்டது வேறு கேள்வி. பிரபாவதியின் அண்ணன் கொளஞ்சிநாதன் டீக்கடையிலிருந்து நேராக வீட்டுக்கே வந்து கேட்டார்.

"பர்மனெண்டா மாப்ள?"

"ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்டு."

"அவனவன் காண்ட்ராக்ட்ல கெடந்துகினு எப்ப பர்மனெண்ட் ஆவும்னு கோயில் கோயிலா சுத்திகினு இருக்கான். நீ பர்மனெண்ட வுட்டுட்டு காண்ட்ராக்டுக்குப் போறியா? ஏம்மா பிரபா, மண்டையில பந்து கிந்து பட்டுச்சா இவருக்கு?"

"பட்டிருந்தாக்கூட பரவால்லண்ணா. குவார்ட்டர்ஸ காலி பண்ணணுமாம். அதக் கேளு மொதல்ல."

காலி பண்ணினார்கள். பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வாடகை வீடு பார்த்தார்கள். வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிக்குத் தேர்வாக மூன்று ஆட்டம், அதில் இரண்டில் ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் காண்ட்ராக்ட் அதோடு சரி. பர்மனெண்டும் போய் காண்ட்ராக்டும் போனால் இந்த ஊரில் மனுசன் எந்தக் கணக்கிலும் சேரமாட்டான் என்பது செங்குட்டுவனுக்குத் தெரியும்.

முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் நிற்கிற இடத்தில், கோட்டுக்கு வெளியே நின்றான். பந்து அவனைத் தேடிக் கோட்டைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் எழுபத்தோரு முறை பந்தை எடுத்து உள்ளே எறிந்தார்கள். பூஜ்யத்துக்கு மூன்று தோல்வி. ஓர ஆட்டத்தை அதிகம் நம்பிய உத்தி பலிக்கவில்லை என்று பேப்பரில் எழுதினார்கள். பேப்பர்காரன் ஏதாவது எழுதித்தானே ஆகவேண்டும். இரண்டாவது ஆட்டம் கௌகாத்தியில். செங்குட்டுவன் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு வடக்குத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தான். பந்து கேமரா இருந்த பக்கத்துக் கோட்டுக்கு வந்து வந்து வெளியே போயிற்று. இடைவேளைக்குள் ஒரு கோல் வாங்கினார்கள். அப்புறம் டிரான்ஸ்பார்மரில் ஒரு காக்கா உட்கார்ந்து கரண்ட் போனது. நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற ஊருக்குப் பக்கத்தில் விசிறிமட்டையால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது, இரண்டுக்கு ஒன்று ஜெயித்திருந்தார்கள்.

செங்குட்டுவன் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கால்பந்து சங்கச் செயலாளர் சுப்பிரமணியனுக்கு போன் போட்டு, டிவியில் பார்த்தாலும் பந்து தன் பக்கமே வருகிறது, இனி ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன் என்று உள்ளதைச் சொன்னான். அவர் அடுத்த ஆட்டத்தின் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "சரிங்க. லீவு லெட்டர் மட்டும் அனுப்பிடுங்க" என்றார்.

லெட்டர் எழுத உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. அவன் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம் பந்து அவன் பக்கமே இழுக்கும், பையன்கள் அந்த இழுப்போடு மல்லுக்கட்டித்தான் ஓடுவார்கள். அப்படி ஓடித்தான் அந்த வலு வந்தது. அவன் கண்ணெதிரே அவர்கள் ஒரு பந்தைக்கூட நேராக அடித்ததில்லை. நேரான பந்து கிடைத்தால் அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று அவனுக்கே தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

மூன்றாவது ஆட்டம் சென்னையில். அன்று காலை ஒரு பையில் துணி வைத்துக்கொண்டு ஸ்டாப்பிங்கில் போய் நின்றான். சென்னை பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தவன் வைத்தபடியே நின்றான். "ஏறுறீங்களா, இல்ல படிய அளந்துகினு இருக்கீங்களா?" என்றார் கண்டக்டர். காலை எடுத்தான். பஸ் போய்விட்டது. அடுத்து வந்த இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு பிரபாவதி டிவியைப் போட்டாள். செங்குட்டுவன் தெருவில் இறங்கி, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். வெள்ளையடித்து நாலு வருஷம் ஆன சுவர், மூலையில் ஒரு கட்சி போஸ்டர் பாதி கிழிந்திருந்தது. நூறு நிமிஷத்துக்கு மேல் அதைப் பார்த்தான். நடுவில் இரண்டு முறை வீடுகளுக்குள்ளிருந்து ஐயோ என்று சத்தம் வந்தது. எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கடைசியில் தெரு முழுக்க ஒரே கூச்சல். பிரபாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"ஜெயிச்சிட்டாங்க! ஒரு கோலு!"

"யாரு போட்டது?"

"அந்த ஒல்லிப் பையன். பதினேழாம் நம்பரு."

"எப்படிப் போட்டான்?"

"எப்படின்னா? காலாலதான்."

"அதில்லடி. பந்து எங்கருந்து வந்துது, எப்படிப் போச்சு?"

முப்பது வருஷத்தில் அவள் ஒரு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. யோசித்தாள். வலது கையை நீட்டி, இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, காற்றில் ஒரு கோடு இழுத்தாள். "இந்தக் கோடிலருந்து ஒருத்தன் அடிச்சான். வளையல, நெளியல. ரெண்டு பேரு நடுவுல பூந்து நேரா இப்படிப் போச்சு. அந்தப் புள்ள காலை வச்சிது, அவ்ளோதான்."

செங்குட்டுவன் அவள் கையையே பார்த்தான். "இன்னொரு வாட்டி காட்டு" என்றான். காட்டினாள். மூன்றாவது முறை கேட்டபோதும் காட்டினாள்.

காண்ட்ராக்டை நாலு வருஷத்துக்கு நீட்டினார்கள். ஆட்டம் நடக்கும் நேரத்தில் பயிற்சியாளர் மைதானத்திலோ டிவி முன்னாலோ இருக்கக் கூடாது என்று அதில் ஒரு ஷரத்து சேர்த்தார்கள். அது எதற்கென்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. ஆட்ட நாளில் செங்குட்டுவன் தெருவில் நிற்கிறான், போகிறவர்கள் வண்டியை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பிரபாவதி உள்ளே பார்க்கிறாள், முடிந்ததும் வந்து முதலிலிருந்து கையால் சொல்கிறாள், ஒரு மணி நேரம் ஆகிறது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று இப்போது அவளுக்குத் தெரியும். ரெஃப்ரி கொடியைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.