கடைசி எழுத்து நோய்

தலை சுற்றி விழுந்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கிடந்தேன். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து பில் வந்தது. நோயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குறிகள்தான்: ஐ 48.91, இசட் 60.2.

நெப்ராஸ்காவில் நான் படித்த பள்ளியில் ஏ வாங்கியவன் கெட்டிக்காரன், எஃப் வாங்கியவன் தேறாதவன். எஃப் வாங்கியதற்கே அப்பா பெல்ட்டால் அடித்தார். இசட் என்றால் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்? மூடி மறைத்துவிட்டார்களே என்று ஆத்திரம் வந்தது. சாகப்போகிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று இரண்டு நாளாக அதையும் நிறுத்திவிட்டேன். சொல்லி அழ ஆளில்லை. மனைவி ஆர்லிஸ் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது.

மூன்றாம் நாள் காலை பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ரோஷெல் என்று ஒரு பெண் எடுத்தாள்.

"ஐ நாப்பத்தெட்டுன்னா இதயம் தாளம் தப்பித் துடிக்குதுன்னு அர்த்தம் சார். எந்த வகைன்னு இன்னும் முடிவாகலன்னு போட்டிருக்காங்க."

"அதை விடும்மா. இசட்டைச் சொல்லு. எத்தனை மாசம் தாங்கும்?"

"என்னது?" என்றவள் சிரித்துவிட்டாள். "எழுத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்ல சார். மாத்திரை சாப்பிடறீங்கல்ல?"

"நிறுத்திட்டேன்."

சிரிப்பு நின்றது. "நான் வெறும் பில் பாக்கிறவ, இதெல்லாம் சொல்லக்கூடாது. எங்கப்பாவுக்கும் இதே ஐ நாப்பத்தெட்டுதான். மாத்திரையை விட்டா ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வந்துரும். இப்பவே டாக்டருக்குப் போன் போட்டு, ரெண்டு நாள் விட்டதைச் சொல்லிட்டு அவர் சொல்றபடி சாப்பிடுங்க."

"சரிம்மா, போடறேன். அப்ப அந்த இசட்?"

அவள் அதைப் பார்த்துப் படித்தாள். "தனியா வாழறதால வர்ற பிரச்சினைகள்னு இருக்கு சார்."

ஆஸ்பத்திரியில் என்னை விசாரித்த நர்ஸ் நினைவுக்கு வந்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நானும் ரேடியோவும் என்றேன். சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். என் வேடிக்கைப் பேச்சுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறாள்.

"அதுக்கு மாத்திரை எதுவும் எழுதலியே?"

"இல்ல சார்," என்றாள் மெதுவாக. பிறகு அவர்கள் எல்லோரிடமும் கடைசியாகக் கேட்பதைக் கேட்டாள். "வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இரும்மா, பின்பக்கத்துல ஒண்ணு இருக்கு," என்று பில்லைத் திருப்பினேன்.

பின்பக்கம் வெறும் வெள்ளைத் தாள்.