சேவல் இறகுத் தூண்டில்

மீன் பிடிக்க ஆசைப்பட்டு ஈ கட்டப் பழகுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மொதல்ல உங்க கை எதுக்குப் பழகுன கைன்னு பாத்துக்கங்க. என் கை என்னைக் கவுத்துருச்சு.

ஈன்னா நெச ஈ இல்லை. தூண்டில் முள்ளுல கோழி இறகை வச்சு நூலைச் சுத்தி, தண்ணியில பூச்சி விழுந்துருக்குன்னு மீனை நம்ப வைக்கிறது. ஒரு வெளிநாட்டுத் தாடிக்காரரு போன் வீடியோவுல செஞ்சு காட்டுனாரு. பேச்சு புரியலை, விரலு புரிஞ்சுச்சு. மண்புழுவைக் குத்துறதுன்னா எனக்குக் குமட்டும், அதனால இதைப் பிடிச்சுக்கிட்டேன். சின்னாளப்பட்டியில கறிக்கடை இஷாக் பாய் சேவல் கழுத்து இறகைச் சும்மாவே குடுத்தாரு. என் வீட்டுக்காரரு ஜெரோம் திண்டுக்கல்லுல பூட்டுப் பட்டறையில இருக்காரு. முள்ளை அசையாமப் பிடிக்க ஒரு சின்ன வைஸைக் கொண்டாந்து ஜன்னல் கட்டையில மாட்டிவிட்டாரு. மூணு நாள்ல ஆறு ஈ கட்டுனேன். அம்புட்டு அழகு!

மூங்கில் கம்போட டவுன் பஸ் ஏறி ஆத்தூர் பக்கம் கண்மாய்க்குப் போனேன். சாயங்காலமானா அங்க ஜிலேபி மீன் மேல வந்து பூச்சியை லபக்கு லபக்குன்னு முழுங்கும். மடைக்குப் பக்கத்துக் கல்லுதான் தோதான இடம். அதுல தெனமும் நாலு ஆம்பளைங்க. அவங்களுக்குத் தலை சடையாண்டி அண்ணன். கண்மாயவே பட்டா போட்டு வாங்குன மாதிரிப் பேச்சு.

“இந்தாம்மா, பொம்பளை கரையில நின்னா மீனு ஒதுங்கிரும். வீட்டுக்குப் போயி கொழம்பு வெஞ்சனத்தைப் பாரு.”

“வெஞ்சனத்துக்குத்தாண்ணே வந்துருக்கேன்.”

என் ஈயைப் பாத்துட்டு நாலு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே! “இதுக்கு மீனு சிக்குனா இந்தக் கல்லு உனக்கு. சிக்கலைன்னா இனிமே இந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது”ன்னாரு சடையாண்டி. எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. பதில் பேசாம வீசுனேன்.

விழுந்ததும் ஒரு ஜிலேபி கவ்விருச்சு. ஒரே இழுப்பு. மீனையும் காணோம், இறகையும் காணோம், முள்ளு மட்டும் அம்மணமா வந்துச்சு. அடுத்த ஈயும் அப்படியே. ஒரு கடிக்கு ஒரு ஈன்னு ஆறும் போச்சு. இறகெல்லாம் தண்ணியில மிதக்குது. “கோழி குளிக்கப் போயிருச்சுப்பா”ன்னு ஒருத்தரு சொல்ல, மறுபடி சிரிப்பு.

பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதேன். வாரம் பூரா குனிஞ்சே கெடக்குற எனக்கு, தலையை நிமித்தி நிக்கக் கெடைச்ச ஒரே இடம் அந்தக் கரை. அதுவும் இல்லைன்னா எப்படி?

காலையில வேலைக்கு உக்காந்தப்பத்தான் வெளங்குச்சு. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறது என் பொழப்பு. சாயத்துல புள்ளி விழ, துணியைத் துளி கிள்ளி நூலைச் சுத்தணும். சாயம் ஏறுனப்பறம் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா அத்தனை முடிச்சும் பொலபொலன்னு உதுரணும், இல்லைன்னா சேலை கிழியும். பதினஞ்சு வருசமா உதுரறதுக்குன்னே போட்ட கை, முள்ளுலயும் அதையே போட்டுருக்கு! நானும் அதைக் கவனிக்கலை, கூறு கெட்டவ.

அன்னைக்கே மறுபடி கட்டுனேன். நூலு நுனியை அதோட சுத்துக்கு அடியிலேயே நுழைச்சு இறுக்கி, மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ். பல்லால கடிச்சு இழுத்தும் பாத்தேன், அசையலை.

“அதான் தோத்துட்டியே, திரும்ப எதுக்கு வம்பு?”ன்னாரு ஜெரோம்.

“பந்தயம் கட்டுனது அவரு. நான் தலையாட்டுனேனா?”

போனேன். மூணாவது வீச்சுல கம்பு வளைஞ்சுச்சு. கை அகலத்துல ஒரு ஜிலேபி, கரையில துள்ளுது. ஒருத்தரும் சிரிக்கலை. சடையாண்டி அண்ணன் மீன் வாயில இருந்து ஈயை எடுத்து இழுத்து இழுத்துப் பாத்தாரு. அப்பறம் துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சாரு.

“சொன்ன சொல்லு மாற மாட்டேம்மா. கல்லு உனக்கு. இனிமே நீ தாராளமா வரலாம்.”

பெரிய மனசு பண்ணிட்டதா அவருக்கு நெனப்பு. நேத்துச் சிரிச்சதை விட இதுதான் எனக்கு எரிஞ்சுச்சு.

“நீங்க யாருண்ணே என்னை வரலாம்னு சொல்றதுக்கு? மீனு சிக்குனாத்தான் நான் நிக்கணுமா? உங்களுக்குச் சிக்காத அன்னைக்கு உங்களை யாராச்சும் வெரட்டுனாங்களா?”

அவரு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, தூண்டிலோட தள்ளிப் போயி உக்காந்தாரு.

மறுநாளும் போனேன். ஒரு மீனு கூட ஏறிட்டுப் பாக்கலை. பொழுது சாயுற வரைக்கும் அந்தக் கல்லு மேலயே நின்னேன்.