கொட்டாத கரைசல்

பட்டாணி இலையை அரைத்து மைட்டோகாண்டிரியாவைப் பிரித்தெடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'அவசரம்'.

கரைசல் கலக்கிக் கொடுக்கும் லேப் அக்கா, ஆக்ஸலோ அசிட்டிக் அமிலக் கரைசலின் மிச்சத்தைத் தினமும் மாலையில் கொட்டிவிடுவாள். பத்து வருடப் பழக்கம். 'அவசரம்' வேலைக்கு வந்த முதல் வாரமே அதைப் பார்த்துவிட்டுப் பத்துப் பேர் முன்னால் எகிறினாள்.

"இது என்ன பாத்திரம் கழுவின தண்ணியா? என்னைக் கேக்காம ஒரு சொட்டு ஊத்தக் கூடாது!"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்க யாருக்கு நேரம்? அன்றிலிருந்து மிச்சம் பாட்டிலிலேயே கிடந்தது.

மாலிக் அமிலத்தைத் தின்றுகொண்டிருக்கும் மைட்டோகாண்டிரியாவில் அந்தக் கரைசலைச் சொட்டினால் அதன் மூச்சு, அதாவது ஆக்சிஜன் இழுப்பு, தணியும். எல்லார் கையிலும் அப்படித்தான். இவள் கையில் மட்டும் ஒரு மாதமாக மூச்சு ஏறியது. அமிலம் உள்ளே போக யாரும் அறியாத வாசல் ஒன்று இருக்கிறது என்று முடிவுகட்டினாள். பேராசிரியரும் நம்பினார். அவள் வேலை நிரந்தரமாக அந்த ஒரு வாசல் போதும்.

இன்று காலை பாட்டில் காலி. அக்கா புதிதாகக் கலக்கிக் கொடுத்தாள். மூச்சு தணிந்தது. 'அவசரம்' மறுபடி சொட்டினாள், மறுபடி தணிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த அமிலம் கரைசலில் வைத்தால் தானே உடைந்து பைருவிக் அமிலமாகிவிடும். ஒரு மாதமாக மைட்டோகாண்டிரியா தின்றது அதைத்தான், மூச்சு ஏறியதும் அதனால்தான். வாசலும் இல்லை, ஒன்றும் இல்லை.

மதியக் கூட்டத்தில் பாதி உண்மையைச் சொன்னாள். "கரைசல் பழசு சார்."

"பழசை யார் வச்சது?"

அவளுடைய பாழாய்ப்போன கண் அக்கா பக்கம் போனது.

"நான்தான் சார். கொட்ட மறந்துட்டேன்," என்றாள் அக்கா.

"இத்தனை வருஷம் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று பேராசிரியர் சலித்துக்கொண்டார். கூட்டம் கலைந்தது. 'அவசரத்துக்கு' நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மாலையில் கழுவு தொட்டியருகே போய் நின்றாள். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. உங்களுக்கு இன்னும் ஆகலையேம்மா." அக்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "இன்னிக்கு மிச்சம் இருக்கு. ஊத்திடலாமா?"

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலாம். பத்து வருடம் யாரையும் கேட்காமல் கொட்டியவள், இப்போது அவளைக் கேட்கிறாள்.

முகம் எரிய, நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், எல்லாரையும் மறுபடி கூப்பிடணும்," என்றாள். "அக்கா எதையும் மறக்கல."