சாலைக்கும் வயலுக்கும் நடுவே

2019 மார்ச் 14 மாலை, ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரத்து மதுக்கடை ஒன்றில் வரைபடக்காரர்களின் மாதக் கூட்டம் நடந்தது. ஏழு பேர் வந்திருந்தார்கள்.

இணையத்தில் யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் ஒன்றைச் சம்பளமில்லாமல் வரைகிறவர்கள் அவர்கள். வீப்கே அன்று எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடும் எண்ணத்தோடுதான் வந்திருந்தாள். குளிர்காலம் முழுக்க அவள் செய்த வேலையை, அவர்களில் ஒருவனான எக்கார்ட் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துப் பழையபடி ஆக்கியிருந்தான்.

நகரத்துக்கு வெளியே ஒரு சாலையோரத்து வயல்களை முதலில் வரைந்தவன் அவன்தான். வரைபடத்தில் சாலை வெறும் கோடு, அகலம் கிடையாது. ஆகவே இருபக்கத்து வயல்களையும் அந்தக் கோட்டோடே ஒட்டியிருந்தான். கோட்டை நகர்த்தினால் வயல்களும் கூடவே நகர்ந்தன. வீப்கே அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, பயிர் முடிகிற இடத்துக்குத் தள்ளிவைத்தாள். கிடைத்த இடத்தில் சைக்கிள் பாதையையும் மரங்களையும் போட்டாள். மிச்சம் வெள்ளையாக நின்றது.

அந்த வெள்ளைதான் எக்கார்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

"தையல் பிரிஞ்ச சட்டை மாதிரி இருக்கு. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி விட்டிருக்க."

"நீ அந்தப் பக்கம் கடைசியா எப்ப போன?"

அவன் பீரைக் குடித்தான். விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே வரைந்தவன் என்பது மேசைக்கே தெரியும். வாக்குவாதம் தீராவிட்டால் இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஞாயிறுவரை பொறுப்பதாக வீப்கே ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறன்று தூறல். இருவரும் சைக்கிளில் போனார்கள். தார் முடிகிற இடத்திலிருந்து வயல் எவ்வளவு கிட்டே என்று காட்ட எக்கார்ட் விறுவிறுவென்று நடந்தான். சைக்கிள் பாதையைத் தாண்டினான், மரவரிசையைத் தாண்டினான், புல் மூடிய வாய்க்காலுக்குள் முழங்கால்வரை இறங்கினான்.

வீப்கே கைப்பேசியைப் பார்த்தாள். "உன் படத்துப்படி நீ இப்ப உருளைக்கிழங்கு வயல்ல நிக்கிற."

"அதான் இவ்வளவு ஈரமா இருக்கு," என்று கையை நீட்டினான். அவள் இழுத்துவிட்டாள்.

கரையில் உட்கார்ந்து ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டியபடி இருபுறமும் பார்த்தான். பிறகு, புல்லையும் வாய்க்காலையும் தானே வரைவதாகச் சொன்னான். வெள்ளை தானாகவே மறைந்துவிடுமாம்.

"என் வேலை?"

"திருப்பிப் போட்டுடறேன். முதல்ல சாக்ஸ் காயட்டும்."

அன்று மாலையே அவளது திருத்தங்கள் வரைபடத்தில் திரும்பி வந்தன. ஏப்ரல் கூட்டத்துக்கு இருவரும் வந்தார்கள். மே முடிவில் வரைபடத்தில் அந்தச் சாலையோடு ஒட்டிய வயல் ஒன்றும் மிச்சமில்லை.