படையல் அறையில் வெள்ளெலிகள்

செத்துப்போன மகள் விஜயாவுக்குப் படையல் போட்டு, புதுப் பாவாடையையும் இலையருகே வைத்து, கதவைச் சாத்திய பிறகுதான் காமாட்சிக்கு உறைத்தது. மகள் வளர்த்த வெள்ளெலிகளின் கூண்டு உள்ளேயே இருக்கிறது!

காஜா பெராங் ஊரே அதிர இடி இடித்தது. சின்னச் சத்தத்துக்கே வெலவெலத்துப் போகும் ஜீவன்கள். போன வருஷம் மெர்டேக்கா சுதந்திர தின வெடிச் சத்தத்தின்போது விஜயாதான் கூண்டைத் துணியால் போர்த்தி, மூச்சுவிட ஒரு மூலையை மட்டும் மடித்துவிட்டாள்.

“பயத்துலயே செத்துடும்ங்க. கொஞ்சம் திறக்கட்டா?”

“பேசாம இரு. பிள்ள சாப்பிடுற நேரம்!” கணவர் கலியாணசுந்தரம் சீறினார்.

மழை ஓய்ந்ததும் கதவைத் திறந்தார்கள். இலையில் சோறு வைத்தபடியே இருந்தது. பாவாடையைத்தான் காணோம்.

அது கூண்டைப் போர்த்தியிருந்தது. ஒரு மூலை மட்டும் மடிந்திருந்தது.