கணியூர் சுங்கச்சாவடி, காலை 7.52

சனிக்கிழமைகளில் எட்டு மணிக்குச் சற்று முன்பாகக் கந்தப்பனின் செல்போன் ஒருமுறை அதிரும். பல்லடம் சாலையில் இருக்கும் தன் எலாஸ்டிக் நாடா தயாரிக்கும் யூனிட்டின் அலுவலக அறையில், டீ டம்ளரோடு அவர் அதற்காகவே உட்கார்ந்திருப்பார். வங்கியிலிருந்து வரும் செய்திதான். அவருடைய கார் கோயம்புத்தூர் போகும் வழியிலுள்ள கணியூர் சுங்கச்சாவடியைக் கடந்துவிட்டதாகச் சொல்லும். மதியம் ஒரு மணிவாக்கில் திரும்பி வந்ததாக இன்னொன்று வரும்.

அந்தக் கார் இப்போது அவருடையது இல்லை.

பதினோரு வருடம் ஓட்டிய சாம்பல் நிறச் செடான் அது. மனைவி வேலாத்தாள் இறந்த பிறகு, இடதுபக்கச் சீட்டைப் பார்த்து ஏதாவது சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. புரோக்கர் மகுடேஸ்வரனிடம் கொடுத்துவிட்டார். வாங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த ஊரில் பழைய கார் கைமாறுவது அப்படித்தான். அதற்குப் பிறகு யாரும் பெயரை மாற்றவில்லை. முன்கண்ணாடியில் வேலாத்தாள் கோணலாக ஒட்டிய, அவர் போட்டுவைத்த பணத்திலிருந்து சுங்கக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் ஃபாஸ்டேக்கும் வண்டியோடு போய்விட்டது.

முதல் செய்தி வந்தபோது டேக்கை ரத்து செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அதற்கடுத்த வாரம் இருப்பு தீர்ந்துவிட்டதாக வங்கி சொன்னபோது, யோசிக்காமல் ரீசார்ஜ் செய்தார். இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். யார் ஓட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவும் இல்லை.

அந்த மாடல் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவர் விலகவில்லை. ஏசியில் வெந்நீர் மாதிரி காற்று வருகிறது, ஸ்டியரிங் திருப்பினால் கடகடவென்று சத்தம், மழைக்குப் பிறகு சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்று யாராவது எழுதுவார்கள். கந்தப்பன் பொறுமையாகப் பதில் எழுதுவார். 'கந்தப்பன் அண்ணன் வண்டி நல்ல வண்டி' என்று அவர்கள் பாராட்டுவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை குழுவில் வந்தது வேறு மாதிரியான செய்தி. அவர் கார் வாங்கிய வருடத்தில் வந்த வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்கிறது. இடதுபக்க ஏர்பேக்குக்குள் இருக்கும் உலோகக் குப்பியில் கோளாறு. வண்டி மோதினால் பை விரியும்போது குப்பி உடைந்து, துண்டுகள் எதிரில் இருப்பவர் மேல் பாயலாம். இலவசமாக மாற்றித் தருகிறார்கள். மாற்றும்வரை அந்தச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது.

சாயங்காலம் சர்வீஸ் சென்டரிலிருந்தும் அழைத்தார்கள். "வண்டி உங்க பேர்லதான சார் இருக்கு?"

"பேரு மட்டும் இருக்குதுங்க" என்றார். "நான் சொல்லிடறனுங்க."

சொல்லவில்லை. சொன்னால் பெயரை மாற்றுவார்கள். பெயர் மாறினால் டேக்கும் மாறும். அப்புறம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எதற்காக உட்கார்ந்திருப்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று செவ்வாயைத் தள்ளினார். புதன், வியாழன், வெள்ளியும் அப்படியே போயின.

சனிக்கிழமை 7.52-க்குச் செய்தி வந்தது. ஒரு மணிக்குத் திரும்பி வந்த செய்தி வரவில்லை. இரண்டு மணிக்கும் இல்லை. மூன்று மணிக்குப் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மூன்றரைக்குப் புரோக்கரின் எண்ணைத் தேடி எடுத்தார். மகுடேஸ்வரனை அழைத்தார்.

"ஏனுங்ண்ணா, ரெண்டு வருசங் கழிச்சு அந்த வண்டி நெனப்பு வந்துருச்சுங்களா? திருப்பி வாங்கறீங்களா?"

"வாங்குனவங்க நம்பரக் குடு மகுடேசு."

"பேரு மாத்தலைன்னு கோவமுங்களா? அந்தம்மாகிட்ட நாலு தடவ சொல்லிப்போட்டனுங்ண்ணா."

"நீ ஒருதடவகூடச் சொல்லியிருக்க மாட்டே. நம்பரக் குடு."

அபிராமி என்று பெயர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"யாருங்க?"

"நானுங்க, கந்தப்பன். நீங்க ஓட்டற காரு மொதல்ல எம்பட காருங்க. இன்னும் கோயமுத்தூர்ல இருந்து கெளம்பலீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"நான் கோயம்புத்தூர் வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதச் சொல்லறனுங்க. முன்னாடி இடதுபக்கம் ஆருங்க உக்காருவாங்க?"

"எம் பொண்ணு. ஒம்போது வயசு."

அவர் ஏர்பேக்கைப் பற்றிச் சொன்னார். மாற்றும்வரை பெண்ணைப் பின்சீட்டில் உட்கார வைக்கச் சொன்னார்.

"அவளுக்குக் காது கேக்காது சார்" என்றாள். "மெஷின் வச்சு இப்பதான் பேச்சுப் பழகுதா. அதுக்குத்தான் வாராவாரம் இங்க கூட்டிட்டு வாரேன். இன்னைக்கு ஆண்டு விழா, அதான் நேரமாயிட்டு. வாயப் பாத்தாத்தான் நான் சொல்லுதது அவளுக்குப் புரியும். சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் பேசிக்கிட்டே வருவோம். பின்னால உக்கார வச்சா ரெண்டு பேரும் பேச்சில்லாமல்லா போகணும்."

"ஒரு வாரந்தானுங்க."

"இது உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "திங்கக்கெழமைங்க."

"இன்னைக்குச் சனி."

"ஆமாங்க."

டேக்கைப் பற்றியும் சொன்னார். தானே ரீசார்ஜ் செய்துவருவதையும் மறைக்கவில்லை.

"பழைய பேலன்ஸ் கெடக்குன்னு புரோக்கர் சொன்னாரு. இதென்னடா தீரவே மாட்டேங்கேன்னு நெனச்சேன்" என்றாள். குரல் மாறிவிட்டது. "அப்போ ரெண்டு வருசமா நாங்க போறது வாரதையெல்லாம் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆருன்னு தெரியாதுங்க. வாரத்துல ரெண்டு மெசேஜாச்சும் வருதேன்னு..."

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

6.24-க்குச் செய்தி வந்தது. கணியூர் சுங்கச்சாவடி. அம்மா முன்னாலும் பெண் பின்னாலுமாக ஒரு வார்த்தையும் பேசாமல் வந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். செய்தியை அழிக்கவில்லை.

புதன்கிழமை அவள் அழைத்தாள். "சர்வீஸ் சென்டர்ல இருக்கேன். உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

எண்களை ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னார்.

"சாயங்காலம் வண்டியக் குடுத்துருவாங்களாம். பேரு மாத்த எழுதிக் குடுத்தாச்சு. டேக்கையும் பிச்சுட்டேன். யாரு ஒட்டுனதோ, கோணலா ஒட்டியிருக்கு. கண்ணாடியில அச்சு போகவே மாட்டேங்கு."

"எங்கூட்டம்மா ஒட்டுனதுங்க. இப்ப இல்லீங்க."

மறுமுனையில் யாரோ ஹார்ன் அடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சரி, அச்சு கெடக்கட்டும்" என்றாள். "வேற என்னென்ன கோளாறு இருக்குன்னு இப்பமே சொல்லிருங்க. திங்கக்கெழமை தெரிஞ்சதச் சனிக்கெழமை சொல்லாதீங்க."

"எல்லாம் ஒரு குரூப்புல எழுதியிருக்குதுங்க. லிங்க் அனுப்பறனுங்க."

அனுப்பினார். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை டீ வந்தது. 7.52 ஆனது. எட்டேகால் ஆனது. வெளியே எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போன் மேசைமேல் அசையாமல் கிடந்தது. ஒன்பதரைக்கு அதை எடுத்து, குழுவில் எழுதத் தொடங்கினார். 'அன்பு நண்பர்களே, என்னிடம் இப்போது இந்த வண்டி இல்லை. விற்று இரண்டு வருடம் ஆகிறது. சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். விலகிக்கொள்கிறேன்.'

அனுப்புவதற்குமுன் மேலே வேறொரு செய்தி விழுந்தது. குழுவுக்குப் புதிய எண்.

'இடதுபக்கக் கண்ணாடி பாதி ஏறி நின்னுடுது. பொண்ணு முன்னால உக்காந்திருக்கா, காத்து மூஞ்சில அடிக்கு. யாருக்காவது வழி தெரியுமா?'

மழை நாட்களில் வேலாத்தாள் அந்தக் கண்ணாடியோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது. தான் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று கொஞ்சம் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

'பாப்பாவ ரெண்டு உள்ளங்கையிலயும் கண்ணாடியப் புடிச்சு மேல தள்ளச் சொல்லுங்க' என்று எழுதினார். 'அதே நேரம் நீங்க ஸ்விட்ச அமுக்குங்க. ஒருத்தரா முடியாது, ரெண்டு பேரு வேணுங்க.'