ஆட்டிப்பார் வீட்டுக் கிணறு

ஆட்டிப்பார் என்று அவருக்குப் பட்டம் கட்டியது மனைவியின் தம்பி. நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் மனிதர் உட்கார மாட்டார். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கம்பியையும் போல்ட்டையும் ஆட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாரா?

மனைவி நேர் எதிர். நினைத்தால் அந்த நிமிஷமே செய்துவிட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அவள் நடத்தும் நர்சரி அப்படி உண்டானதுதான். ஒற்றை ரோஜாத் தொட்டியில் ஆரம்பித்து, எலுமிச்சை, மாதுளை, செம்பருத்தி என்று கால் வைக்க இடமில்லாமல் நிரப்பி வைத்திருந்தாள். அந்தக் கோடையில் தெருக் குழாயை மாற்றுகிறோம் என்று பள்ளம் தோண்டியவர்கள், தோண்டியதோடு சரி, ஆளையே காணோம். குடிக்க வண்டியில் தண்ணீர் வந்தது. செடிகளுக்கு யார் கொண்டுவருவார்கள்? இலைகள் சுருண்டு, நுனி கருகத் தொடங்கின. காலையில் கதவைத் திறந்து அவற்றின் முகத்தில் விழிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வெயிலுக்குத் தாங்காத கன்றுகளையாவது காப்பாற்றலாம் என்று, பின்பக்கத்துச் சாமான் அறைக்குள் இரும்பு ரேக்கை மாற்றப் போனார்கள். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க, ஆட்டிப்பார் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, உள்ள ஆள் இருக்காங்களான்னு கேக்குறீங்களா?” என்றான் தம்பி.

“சும்மா இரு மாப்ள. நடுவுல மட்டும் சத்தம் வேற மாதிரி வருது. ரேக்கை இறக்காதே!”

சிமெண்டைப் பெயர்த்தால் ஒரு கல் பலகை. அதில் துருப்பிடித்த வளையம். ஓரமாகப் பலகைகளைப் போட்டு, அதன்மேல் நின்று, கடப்பாரையால் நெம்பிக் கல்லை நகர்த்தினார்கள். கீழே ஒரே இருட்டு. தம்பி ஒரு கூழாங்கல்லை எறிந்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ‘ப்ளக்’.

“தண்ணி!” என்று அவள் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரின் தலைமேல் அவள் உடைந்த தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தாள்.

வாளியைக் கட்டி இறக்கினாள். எதன்மேலோ ‘டங்’ என்று இடித்துவிட்டு வெறும் வாளியாகவே மேலே வந்தது. எந்தப் பக்கம் இறக்கினாலும் அதே கதை.

“நான் இறங்கிப் பாக்கறேன்” என்றான் தம்பி.

“யாரும் இறங்கக் கூடாது” என்றார் ஆட்டிப்பார். “மூடிக் கெடந்த கெணறு. உள்ள என்ன காத்து இருக்கோ, யாருக்குத் தெரியும்?” ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கிணற்று வாயில் கம்பி வலையைப் போட்டார். “கொஞ்சம் காத்தாடட்டும். நாளைக்குப் பாப்போம்.”

“செடியெல்லாம் செத்தப்புறம் காத்து வாங்கி என்னங்க பண்றது?”

அவர் வலையின் ஓரத்தில் இரண்டு செங்கல்லைத் தூக்கி வைத்தார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வலையை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தலை மறைந்ததும் வலை விலகியது. தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். மறுமுனையை அவள் ஜன்னல் கம்பியில் கட்டினாள். அவன் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டான். அப்போது அவள் கை தன் பாட்டுக்குப் போய் அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டியது. ஏன் ஆட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்த மனுஷனோடு குடும்பம் நடத்திய தோஷம்.

கம்பி கையோடு வந்துவிட்டது.

தம்பியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து அவள் வெளியே இழுத்தாள். கம்பியைப் பார்த்தவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டான். உள்ளே என்ன காற்றோ என்று அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு டப்பாவில் மெழுகுவத்தியை ஏற்றிக் கயிற்றில் இறக்கினாள். பாதி தூரம் நன்றாகத்தான் எரிந்தது. அதற்குக் கீழே, யாரோ விரலால் நசுக்கியதுபோல் அணைந்தது. மறுபடி ஏற்றினாள். அதே இடத்தில் அணைந்தது. இறங்கியிருந்தால் தம்பி திரும்பி ஏறியிருக்க மாட்டான். அதை நினைத்து, தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு கணவருக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

அவர் திட்டவில்லை. “ரெண்டு பேரும் மேலதான இருக்கீங்க?” என்று கேட்டார். கொஞ்சம் விட்டு, அதையே மறுபடியும் கேட்டார்.

சாயங்காலம் வரும்போது கிணற்று வாயில் நிறுத்த மூன்று கால் இரும்புச் சட்டம், சங்கிலிக் கப்பி, கொக்கி எல்லாம் வேலை இடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். “ஆள் எதுக்கு இறங்கணும்? கண்ணு மட்டும் எறங்கினாப் போதும்” என்றவரின் பார்வை தம்பியின் புது செல்போன்மேல் விழுந்தது.

“மாமா! போன வாரம்தான் வாங்கினேன்!”

“உன் உசுர விட இது ஒசத்தியா?”

டார்ச்சை எரியவிட்டு, வீடியோவை ஓடவிட்டு, போனைக் கயிற்றில் இறக்கினார்கள். தம்பி அதுவரை கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டான். மேலே வந்ததும் மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. வட்ட வட்டமாகச் செங்கல், ஒன்றுகூட உதிராமல். அடியில் ஒரு பழைய மரக்கதவு கிணற்றை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் விரிசல்களில் தண்ணீர் மினுமினுத்தது.

மேலிருந்தபடியே கொக்கியை விட்டு, தம்பி போனில் பார்த்த இடத்தைச் சொல்லச் சொல்ல, அவர் துழாவினார். மாட்டியது. சங்கிலியை இழுத்தாள் அவள். கை எரிந்தது, விடவில்லை. நீர் சொட்டச் சொட்டக் கதவு மேலே வந்தது. ஒருவரும் ஒரு காலைக்கூட உள்ளே வைக்காமல் கிணற்றை ஜெயித்துவிட்டார்கள்!

வாடகைக்கு எடுத்த நீர்மூழ்கி மோட்டாரைக் கயிற்றில் இறக்கினார்கள். குழாய் இருமியது, சேறாய்த் துப்பியது, பிறகு தெளிவாகக் கொட்டியது. ரோஜாவிலிருந்து எலுமிச்சைக்கு, எலுமிச்சையிலிருந்து மாதுளைக்கு என்று அவள் குழாயோடு ஓடினாள். கணவரையும் தலையோடு காலாக நனைத்தாள்.

“உங்களாலதாங்க!” என்றாள்.

“ஜன்னல் கம்பிய ஆட்டினது நானில்லையே” என்றார் அவர், தண்ணீரை வழித்துவிட்டபடி.

வார முடிவுக்குள் செடிகள் தலை நிமிர்ந்தன. கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டார்கள். ஆட்டிப்பார் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தார். அவர் நகர்ந்ததும் அவளும் குனிந்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். நிமிர்ந்து திரும்பினால், பின்னால் தம்பி தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான்.